அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா மூச்சு விடுகிறார், எந்த இயந்திரமும் தள்ளிவிடாத சொந்த மூச்சு. நீ நலமாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, நலமாகவே இரு. அப்பா இப்போது வாசல் கேட் வரை நடக்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று உருண்டைக் கருவியை வாயில் வைத்து மூச்சை இழுக்கிறார், இரண்டு உருண்டை மேலே எழும்புகிறது, மூன்றாவது வீம்பு பிடிக்கிறது, அதைத் திட்டிவிட்டு மறுபடி இழுக்கிறார். தொண்டையில் குழாய் கிடந்ததில் குரல் கரகரவென்று ஆகிவிட்டது, ஆனாலும் தெருவில் ஒரு வண்டி போனால் போதும், இதுக்கு கிளட்ச் போச்சு என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். ஒர்க்‌ஷாப்புக்கு எப்போது போகலாம் என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குகிறார். வாங்கட்டும், அதற்குத்தானே அவரைத் திரும்பக் கூட்டிவந்தேன்.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் பேசியதை அப்பாவிடம் சொல்லிவிடாதே, அவரை மன்னித்துவிடு, சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கிடைத்தது சித்தப்பா போனில் சொன்ன கதை. நடந்ததை நான் சொல்கிறேன், கேள். ஜாக்கி நழுவி வண்டி நெஞ்சில் இறங்கியதில் அப்பாவுக்கு விலா எலும்புகள் முறிந்து வென்டிலேட்டரில் போட்டார்கள், அதுவரை உனக்குத் தெரியும். உயிரைக் காப்பாற்ற வைத்த அந்தக் குழாய் வழியாகவே கிருமி இறங்கி நிமோனியா வந்துவிட்டது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, கிருமியோடு போராடும்போது உடம்பு ரத்தத்தில் சில பொருட்களை விடுமாம், அதன் அளவை வைத்து ஆள் பிழைப்பாரா என்று ஓரளவு கணிக்கலாமாம், அப்பாவுக்கு அது மிக அதிகம் என்றார். இந்த அளவு இருக்கற பத்து பேர்ல ஏழு பேர் தேறறதில்லம்மா, ஆனா இவர் அந்த ஏழுல ஒருத்தரா மூணுல ஒருத்தரான்னு ரத்தம் சொல்லாது, மருந்தை மாத்தியிருக்கோம், மறுபடி எடுத்து இறங்குதான்னு பாக்கணும் என்றார். நான் அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டேன். உன் சித்தப்பா ஏழைப் பிடித்துக்கொண்டார்.

அவர் தொழில் உனக்குத் தெரியும், விபத்தில் அடிபட்ட வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, ரிப்பேர் பண்ணலாமா பழைய இரும்புக்குப் போடலாமா என்று இன்ஷூரன்ஸ்காரர்களுக்குச் சொல்கிற வேலை. அதே கண்ணோடு கூடப்பிறந்த அண்ணனைக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அண்ணி, ரத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு, இனிமே ஓட்டறதுல அர்த்தமில்ல, குழாயை எடுத்துடச் சொல்லிடலாம் என்றார். ஓட்டுவதாம்! அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான், பேனாவைத் தொடவில்லை. மறுபடி எடுத்த ரத்தத்தில் அளவு பாதியாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சித்தப்பா அப்போது அங்கே இல்லை, ஒர்க்‌ஷாப்பை யாருக்கு வாடகைக்கு விடலாம் என்று தரகரோடு அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும், எனக்கு அது போதாது. வாராவாரம் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன். வராமலும் இருக்க முடியாது, அப்பா கேட்பாரே. பக்கத்தில் உட்காரவைத்து இலவம்பஞ்சு மாதிரி லேசாகிப்போன கையால் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு, நீ வெளியில காவலா நின்னதாலதான்டா நான் பிழைச்சேன் என்று அப்பா கண்ணைத் துடைப்பார். சித்தப்பாவுக்குச் சோறு இறங்காது. அப்போதுதான் நான் தட்டில் இன்னொரு கரண்டி போடுவேன். போன வாரம் புரையேறி இருமினார், ஏன் தம்பி முகமே வெளுத்திருக்கு, எதுக்கும் ஒரு ரத்தம் எடுத்துப் பாத்துடலாமே, அதுலயே எல்லாம் தெரிஞ்சுடுமாமே என்றேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பாவம் என்று சொல்ல உனக்கு வாய் வரும். எனக்கு வரவில்லை, வயிறு குளிர்ந்தது.

ஆனால் கண்ணா, உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் சித்தப்பாவுக்குக் காது மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் பேனாவைத் தொடாத அன்று ஆஸ்பத்திரி மாடிப்படி வளைவில் அவர் உன்னோடு பேசியபோது நான் ஒரு படி கீழே நின்றேன். அம்மா சம்மதிக்க மாட்டாங்க, நீங்களே டாக்டர்கிட்ட பேசி எடுத்துடச் சொல்லுங்க சித்தப்பா, எனக்கு லீவு ஒரு தடவைதான் கிடைக்கும், எல்லாம் முடிஞ்சப்புறம் வர்றேன் என்றாய். உன் குரல்தான், எனக்கா தெரியாது. அவர் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தில் பாதி உனக்குச் சேர வேண்டியது. உன் மேல் காட்ட முடியாமல் அதையும் சேர்த்து அவர் தட்டில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே நீ கேட்டபடியே செய்கிறேன், அப்பாவிடம் சொல்ல மாட்டேன். பையன் அங்க எப்படித் துடிச்சிருப்பான் என்று அவர் தினமும் கேட்கிறார், ஆமாம் துடிச்சான் என்று நானும் தினமும் சொல்கிறேன். அந்தப் பொய்யை இனி நீ வந்து சுமந்துகொள். செலவாகாத லீவு கையில் இருக்குமே, அதைப் போட்டுக்கொண்டு வா. அவர் உன் தலையைத் தடவிக்கொடுக்கும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார், முடிந்தால் நீயே சொல்.

குளிர் காலத்தில் காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. நோய்நொடி இல்லாமல் நீ நெடுநாள் இருக்க வேண்டும். ஒருவேளை படுத்தாலும், பத்தில் மூன்றுதான் என்று யாராவது சொன்னாலும், வாசலில் உட்கார்ந்து விடாப்பிடியாக மறுக்க உனக்கும் ஒருத்தி இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத உன் அம்மா