ஒன்பதாவது அடி

முதலியார்பேட்டை,
20.1.2024

அன்புள்ள ஏலோதி,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறாய். ஆகவே தபால்காரரை நம்பி எழுதுகிறேன்.

ஞாயிறு சந்தையில் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். நம்மைவிடப் பத்து வயது சின்னது. பெரிய மார்க்கெட் பக்கம் சின்னக்கண்ணு என்று ஒரு மெக்கானிக் பெல்ட்டும் முள்ளும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். "இன்னும் இருவது வருஷம் ஓடும்மா, நாந்தான் இருக்கணும்" என்றார். பாட்டு முடிந்ததும் அதன் கை தானாக எழுந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. என் மகன் அருள்முருகனுக்கு நாற்பது வயதாகப்போகிறது, இந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை.

முதலில் எதைப் போட்டேன் தெரியுமா? பத்தாவது படிக்கும்போது நம் கான்வென்ட் பாட்டுக் குழு போட்ட கிறிஸ்துமஸ் ரெக்கார்டு. பின்வரிசையில் நான் கத்துகிறேன். நீ முக்கோண மணி அடிக்கிறாய். மொத்தம் ஒன்பது அடி, ஒன்பதாவது மட்டும் தாமதம். சிஸ்டர் திட்டினாரே!

ஒன்று கேட்டுவிடுகிறேன். போன வருடம் என் வீட்டுக்காரர் இறந்த அன்று உனக்குப் பதினோரு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. பிறகு நாலு வரியில் ஓர் அட்டை வந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உன்
சிவசங்கரி

துலூஸ்,
9.2.2024

மா ஷேர், என் அருமைச் சங்கரி,

உன் மூவாயிரம் ரூபாய் மிஷினைப் படித்ததும் வயிறு எரிந்தது. மறுநாளே தொள்ளாயிரம் யூரோவில் புதிது வாங்கிவிட்டேன். தட்டு அம்மிக்கல் கனம். கடைக்காரன் முள்ளின் எடையைக் குட்டித் தராசில் வைத்துப் பார்த்தான். ஆனால் இதன் கை தானாக எழாது. முடிந்ததும் நாமே போய் எடுத்துவிட வேண்டுமாம். இத்தனை பணத்துக்கு இது என்ன நியாயம்?

அதைவிடக் கேள். என்னிடம் இருக்கும் நம் ரெக்கார்டுப் பிரதியைப் போட்டேன். ஆர்மோனியம் இருக்கிறது, கோரஸ் இருக்கிறது, என் மணியைக் காணோம்! முள்ளை மாற்றினேன். இரண்டு தடவை கடைக்குத் தூக்கிப் போனேன். மிஷின் நன்றாக இருக்கிறது மதாம் என்கிறார்கள். பொய்.

சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டதற்குக் கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்துவிட்டாள். அழைப்பு மணியைப் பத்து நிமிடம் அழுத்தினாளாம். எல்லாம் நடிப்பு.

போன் விஷயம் பிறகு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முத்தங்களுடன்,
ஏலோதி

முதலியார்பேட்டை,
26.2.2024

அன்புள்ள ஏலோதி,

ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். மருமகள் சரிதாதான் கெடுத்தாள். "அத்த, கடற்கரப் பக்கம் ஒரு காப்பிக் கடையில புது மிஷின் இருக்குது, போய்ப் போட்டுப் பாத்துட்டு வந்து ஆடுங்க" என்றாள். போனேன். விலையும் ஏறக்குறைய உன்னுடையதுதான்.

உண்மையைச் சொல்கிறேன், அதுதான் மேல். என் கிழவி கொஞ்சம் வேகமாக ஓடுகிறாள் போலிருக்கிறது. வீட்டில் நாம் ரயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி பாடுகிறோம், அங்கே நிதானமாகப் பாடினோம். உன் மணி துல்லியமாகக் கேட்டது. ஒன்பது அடியும்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். கூட்டி வைத்த சத்தம், கேட்காத அழைப்பு மணி, எடுக்காத போன். கோபப்படாதேடி. கோளாறு மிஷினில் இல்லையோ? உனக்குக் காது கேட்கிறதா?

உன்
சிவசங்கரி

துலூஸ்,
20.3.2024

சங்கரி,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன்.

காது மந்தமாகி மூன்று வருடமாகிறது. மணி மாதிரிக் கீச்சென்ற ஒலிகள் முதலில் போகும் என்றார் டாக்டர். நேரில் உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறேன். போனில் குரல் வருகிறது, சொற்கள் வருவதில்லை. காது மிஷின் வைத்துக்கொள்ள வெட்கம். விலையுயர்ந்த பிளேயர் வாங்கினால் எல்லாம் திரும்பிவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம்.

அன்று அருள்முருகன் செய்தி அனுப்பியிருந்தான். நீ எதற்குக் கூப்பிடுகிறாய் என்று தெரியும். போன் மேசைமேல் பதினோரு முறை வெளிச்சமானது. நானும் எண்ணினேன். பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். நீ அழுது ஏதோ சொல்ல, நான் புரியாமல் தப்பாகப் பதில் சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான். உன் முகத்தில் விழிக்க எனக்குத் தகுதி இல்லை.

பிளேயரை இந்த வாரம் திருப்பிக் கொடுக்கப்போகிறேன்.

ஏலோதி

முதலியார்பேட்டை,
8.4.2024

அடி முட்டாள் ஏலோதி,

உன்னை யார் பதில் சொல்லச் சொன்னது? அன்று எனக்கு ஆறுதல் சொல்லவே முப்பது பேர் வீட்டில் இருந்தார்கள். உன்னிடம் அழத்தான் கூப்பிட்டேன். நீ போனைக் காதில் வைத்திருந்தால் போதுமே. ஒரு வருடமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு மன்னித்துவிடு.

பிளேயரைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போய் வாங்கி வா. அது ஒரு தப்பும் செய்யவில்லை. காது மிஷினும் வாங்கு. எனக்கு மூட்டுவலிக்குக் கைத்தடி வந்தாயிற்று, உனக்கு மட்டும் என்ன வெட்கம்? டிசம்பரில் இங்கே வா. நம் ரெக்கார்டைப் போட்டு, மணி வரும் இடமெல்லாம் உன் உள்ளங்கையில் தட்டிக் காட்டுகிறேன். ஒன்பதாவதைத் தாமதமாகத்தான் தட்டுவேன்.

அதற்கு முன்னால் ஒன்று. மே ஐந்தாம் தேதி, ஞாயிறு, உங்கள் ஊர் காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். எடு. ஒன்றும் பேசாதே, புரிந்துகொள்ளவும் முயலாதே. நான் அழுது முடித்ததும் நானே வைத்துவிடுகிறேன்.

உன்
சங்கரி