கோச் கேட்ட இரண்டு வருடம்

அன்பு மருமகனே,

இதெல்லாம் நடக்குமென்று அன்றைக்கே சொன்னேன். உன் அம்மாவைக் கேள். உங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், குவாட்டர்பேக் இடத்தில் உனக்குப் பதிலாகப் பந்தெறிய டெக்சாஸிலிருந்து ஒருவனை இறக்கிவிட்டார்களாமே! நம் ஒஹாயோ சலூனில் ஒருவன், "உம்ம மருமவன் கோல்பி எறிஞ்சா பந்து எதிராளி கைக்குத்தானய்யா போவுது" என்றான். "பத்தொம்பது வயசுப் பயடா, பழுக்க விடுங்கடா!" என்று நான் போட்ட சத்தத்தில் கண்ணாடியே விரிசல் விட்டது.

அயோவாவில் ஒரு கல்லூரி கூப்பிட்டபோது என் பேச்சை நம்பித்தான் நீ போகவில்லை. இப்போது அவர்களும் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

சாப்பிடுகிறாயா?

பெட்ரோல் பங்கில் உங்கள் கோச் ஹால்ஸ்ட்ராம் என் தோளில் கைபோட்டு, "ரெண்டு வருஷம் குடுங்க, அவன நான் ஆளாக்குறேன்" என்றதாகச் சொன்னேனே, அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் கையசைத்தேன், அவர் பார்க்கவில்லை.

உன் மாமா