இவருக்குப் பதில் இவர்

அன்புள்ள ரோஜா,

போனை நான் எடுத்தால் "அப்பாட்ட குடுங்க" என்கிறாய். அதனால்தான் இந்தக் கடுதாசி.

நம் விண்கப்பல் தொடரில் கேப்டனை மாற்றிவிட்டார்கள், ஹாஸ்டலில் பார்த்தாயா? நான் இந்த வீட்டுக்கு வந்த வாரம் ஆரம்பித்த தொடர் அது. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை. நேற்றும் உன் அம்மா படத்துக்கு விளக்கேற்றிவிட்டு டிவியைப் போட்டேன். கேப்டனின் நீலச் சட்டையில் வேறொருத்தி நிற்கிறாள். கீழே "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து ஓடியது.

எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. கப்பலில் ஒருத்தர்கூட "நீ யார்?" என்று கேட்கவில்லையே, அது எப்படி? அந்த ரோபோ மட்டும் கொஞ்சம் தயங்கியதுபோல எனக்குப் பட்டது. நீ பார்த்துச் சொல்.

இன்று காலையில் பட்டாசுக் கம்பெனி வேனில் சின்னத்தாய், "என்ன இருந்தாலும் பழைய ஆளு மாதிரி வருமாக்கா?" என்றாள்.

"வராதுதான். அவ என்ன செய்வா? அந்தச் சட்டையத்தான குடுத்தாக" என்றேன். ஏன் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. வேனே திரும்பிப் பார்த்தது.

இன்றைக்கும் பார்த்தேன். அந்த எழுத்தைக் காணோம். ஒரே நாள்தான் போடுவார்களாம். அப்புறம் அவள்தான் கேப்டன்.

பொங்கலுக்கு வருவாய்தானே? அந்த ரோபோவைப் பற்றி உன்னிடம் நிறையக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
இவர்