பொட்டு வைத்த பதக்கம்

ஃபிரிஸ்கோ, வெள்ளிக்கிழமை

அன்புள்ள இளமாறனுக்கு,

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். கோபம் வந்தால் எனக்குப் போனில் பேச்சு வராது, நீயும் "ஓகே மா, காட் இட்" என்று வைத்துவிடுவாய். நாங்கள் நலம், நியூ ஜெர்சிக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, உன் தங்கை வெண்பா டிரைவிங் டெஸ்டில் பாஸ் பண்ணிவிட்டாள், இனி என் கார் எனக்கில்லை.

அவள்தான் நீ இன்டர்நெட்டில் போட்ட வீடியோவைக் காட்டினாள். நீ லீவில் வந்திருந்த ஆயுத பூஜையன்று, உழைத்த பொருளுக்கெல்லாம் மரியாதை செய்வோம் என்று அப்பா சொன்னதை நம்பி, பக்கத்து வீட்டு ஜோன் ஆன்ட்டி தன் அப்பாவின் இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைக் கொண்டுவந்தார். உன் அப்பா சந்தனம் குங்குமம் வைத்தார். ஆன்ட்டிக்குக் கண் கலங்கியது. அவர் அப்பா நினைவாக என்று சொல்லித்தானே நீ படம் பிடித்தாய்? இப்போது "ஊரை எரித்தவன் மெடலுக்கு எங்கள் வீட்டில் பூஜை" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரிக்கிறாய்.

எரிந்த ஊர்களைப் பற்றி நீ சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. செத்தவர்கள் செத்தவர்கள்தான். ஆனால் நீ கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போன பிறகு ஆன்ட்டி சொன்னதைக் கேள். அவர் அப்பா பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் வாலில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த துப்பாக்கிக்காரர். மற்றவர்கள் முன்னால் பார்த்துக்கொண்டு ஊர் திரும்ப, எரிகிற நகரம் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தவர். கை வெந்துபோன நிலையிலும் எதிரி விமானத்தைச் சுட்டு விரட்டிக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றியதற்கு அரசர் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தை அவர் ஒருநாளும் சட்டையில் குத்தவில்லையாம். சாக்ஸ் டிராயரில் கிடந்ததாம். ஏன் என்று மகள் கேட்டால், "கீழே இருந்தவர்களைக் கேள்" என்பாராம். நீ கண்டுபிடித்ததாக நினைப்பதை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவரடா அவர். கேட்டிருந்தால் ஆன்ட்டி உனக்கும் சொல்லியிருப்பார். இவ்வளவு படித்தவனுக்கு ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லையா?

எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். என் சர்டிபிகேட்டுக்கும் என் அப்பா பொட்டு வைத்துக் கறையாக்கினார். கூச்சத்தில் செத்தேன், ஆனால் ஊரைக் கூட்டிச் சிரிக்கவில்லை. உன் அப்பா வீடியோவைப் பார்த்துவிட்டு, "உடு மணி, பையன் வெளையாட்டுக்குப் பண்ணிருப்பான்" என்றார். அப்புறம் கராஜுக்குப் போய், லான்மோவருக்கு வைத்திருந்த பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆன்ட்டி இன்னும் பார்க்கவில்லை. மெயில்பாக்ஸ் பக்கம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "இஸ் மை மூவி ரெடி, வசந்தா?" என்கிறார். ரிப்பனில் ஒட்டிய குங்குமத்தைக்கூடத் துடைக்கவில்லையாம். தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு டிவியில் பார்க்க வேண்டுமாம். எடிட் பண்ணுகிறான் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ரோட்டில் ஐஸ் இருந்தால் காரை எடுக்காதே. எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஆஞ்சநேயரிடம் வேண்டுகிறேன்.

கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிடுகிறேன். வீடியோவை அழி என்று சொல்லவில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு டிக்கெட் போட்டு வா. ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து, நீயே அதை அவருக்குப் போட்டுக் காட்டு.

உன் அம்மா,
வசந்தாமணி