தசரா வரைக்கும் ஒரு சம்மதம்

பிரேமாவின் அம்மைக்கு,

போனில் சொன்னால் பக்கத்தில் பிரேமா இருப்பாள். நம் மகள் நிறைமாதக்காரி, அவள் கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மார்கழி மழையில் உப்பளமெல்லாம் தண்ணீர். கடையில் வியாபாரம் மந்தம்தான்.

நேற்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். தூத்துக்குடியில் எடுத்த வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் என் போனுக்குள் இருக்கின்றன. நான் சம்மதம் கொடுத்தால்தான் அங்கே டாக்டர் பார்க்க முடியும். எதையெல்லாம் காட்டலாம் என்று போன் கேட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை. எந்தத் தேதி வரைக்கும் பார்க்கலாம் என்றும் கேட்டது. அடுத்த வருஷம் அக்டோபரில் குலசை தசரா முடிகிற நாளைப் போட்டேன்.

டாக்டர் நம் ஊர்ப்பக்கத்துப் பையன். எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர், "எதுக்கு அண்ணாச்சி தசரா வரைக்கும் போட்டிய? மார்ச் வரைக்கும் போட்டாலே போதுமே" என்றார். வாய் தவறி வந்துவிட்டது போலிருக்கிறது. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேதியை எப்போது வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாமாம். நான் குறைக்கவில்லை.

பிள்ளை தவழும் வரைக்கும் சென்னையிலேயே இருப்பதாகச் சொன்னாய். வேண்டாம். மார்ச்சுக்கு முன்னால் வந்துவிடு.

கடையிலிருந்து,
உன் வீட்டுக்காரன்