சோற்றை நிறுத்தி ஓடிய ஓட்டம்

சாந்தோம், மயிலாப்பூர்
2-5-1949

அன்பு மகள் மர்சலினுக்கு அப்பா எழுதுவது. சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் தம்பி வால்டர் அவனுடைய ஞானத்தகப்பன் பவுல்சாமியின் தாடையை உடைத்துவிட்டான். பரங்கிமலை வரை ஓடித் திரும்பும் பந்தயத்துக்கு அவர்தான் பழக்கினார். "சோறு துண்ணா தூக்கந்தான் வரும், கொழுப்பு துண்ணுடா" என்று சோற்றை நிறுத்தி, தபசுகாலம் முழுக்க முட்டை, நெய், தேங்காய், ஈஸ்டர் முடிந்ததும் மாட்டுக்கொழுப்பு. ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர் சொல்லை எப்படித் தட்டுவது என்று நாங்களும் சும்மா இருந்தோம். நிதானமாக எவ்வளவு தூரமும் ஓடினான், வேகம் கேட்டால் மட்டும் கால் தரவில்லை.

போன சனிக்கிழமை பந்தயம். திரும்பும்போது மற்றவர்கள் வேகமெடுத்தார்கள், சைதாப்பேட்டைப் பாலத்தில் இவன் தள்ளாடினான். பவுல்சாமி சைக்கிளில் கூடவே வந்து, "இன்னாடா, பொணத்துக்குப் பின்னால போற மாதிரி போய்க்கினு கீற" என்று பிரம்பால் கெண்டைக்காலில் விளாசினார், ரத்தம் கசிந்தது. பந்தயம் பார்க்க என்னோடு பாலத்தில் நின்ற சிநேகிதர் அபிராமபுரம் ஸ்ரீனிவாசராகவன் அவனுக்குச் செம்பில் பானகம் நீட்டினார். பவுல்சாமி செம்பை எட்டி உதைத்து மறுபடி அடித்தார். வால்டர் பிரம்பைப் பிடுங்கி, முகத்தில் அடித்தான். சைக்கிளோடு விழுந்தார். விழுந்தவர் வாயில் பிரம்பின் பூண் முனையால் இடித்தான், பல் தெறித்தது. நான் ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் இன்னும் ஒரு முறை.

பவுல்சாமி ஆஸ்பத்திரியில் வாய் திறக்க முடியாமல் கிடக்கிறார். வெள்ளிக்கிழமை சாட்சி சொல்ல இன்ஸ்பெக்டர் கூப்பிட்டிருக்கிறார். ஸ்ரீனிவாசராகவன், "நேக்கு ஒண்ணும் தெரியாதுன்னுடறேன், நீரும் அப்படியே சொல்லும் ஓய்" என்கிறார். அம்மாவோ, "சைக்கிள்லேர்ந்து விழுந்தாருன்னு சொன்னா உங்க நாக்கு அறுந்துடுமா" என்று கேட்டாள். பொய் சொல்ல மாட்டேன் என்றேன், அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. வால்டரைக் கேட்டேன். "மறைக்காதீங்கப்பா. செம்பை உதைச்சதை மட்டும் மொதல்ல சொல்லுங்க" என்றான். அப்படியே சொல்லப் போகிறேன், விழுந்த பிறகு இவன் இடித்ததையும் சேர்த்து. ஜெயில் என்றால் ஜெயில்தான். இது உன் கைக்கு வருமுன் சொல்லி முடித்திருப்பேன், தந்தி அடித்துத் தடுக்கப் பார்க்காதே.

ஆண்டவர் உங்கள் இருவரையும் கோபத்துக்கு விலக்கிக் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு மறக்காமல் தனியாக ஒரு கடிதம் போடு, உறைமேல் என் பெயரும் சேர்ந்திருந்தால் பிரிக்க மாட்டாள்.

உன் அப்பா
ஆரோக்கியநாதன்