அம்மாவின் இரண்டு முன்பற்கள்

கண்டரமாணிக்கம்
14-6-1972

அன்பு மகள் நாச்சியாருக்கு அப்பா கருத்தையா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமென்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி.

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது, பதில் தாமதம், காரணம் இருக்கிறது. பிரசவத்துக்கு வர அம்மாவுக்கு மனமில்லையா, பிலாய்க்கு வந்துவிட்டதால் நான் மகள் இல்லையா என்று நீ எழுதியிருந்ததை வாசித்துக் காட்டியதும் அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயல் வேலை, வர முடியாது என்று போன கடிதத்தில் அவள் எழுதச் சொன்னது பொய், அதை எழுதியவன் நான், உண்மையையும் நானே எழுதுகிறேன். மாசி மாதம் அவளைச் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு போனேன், இறங்கி நடப்போம் என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை, கண்மாய்க்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுக்கு மேல்வரிசை முன்பல் இரண்டும் போய்விட்டன. கேட்டவர்களிடமெல்லாம் படித்துறையில் வழுக்கிவிட்டது என்றாளே தவிர என் பெயரை எடுக்கவில்லை. அன்றிலிருந்து முந்தானையால் வாயை மூடித்தான் பேச்சு, கல்யாணம் காதுகுத்து எதற்கும் போகவில்லை. உன் மாமியார் முன்னால் இந்த வாயோடு போய் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

முதலில் கழற்றி மாட்டுகிற பல்செட் வாங்கிக் கொடுத்தேன், குமட்டுகிறது என்று டப்பாவில் போட்டுவிட்டாள். உன் கடிதத்துக்குப் பிறகு டவுனில் செக்காலைப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு பக்கத்துப் பல்லையும் கொஞ்சம் அராவி உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல் இரண்டும் சேர்த்து ஒரே துண்டாக ஒட்டிவிடலாம், பாலம் மாதிரி, கழற்ற வேண்டியதில்லை என்றார். விழுந்தது ரெண்டு, நல்லாருக்க ரெண்டையும் எதுக்கு அராவணும் என்று அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். டாக்டரும் வற்புறுத்தவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. "இவ வழுக்கி விழலை டாக்டர், நான்தான் சைக்கிள்ல இருந்து தள்ளிட்டேன். மகளைப் பாக்கப் போகாமக் கெடக்கிறதும் என்னாலதான்" என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னையே பார்த்தாள். "அதை எதுக்கு இங்க வந்து சொல்றீக, நான் ஒக்காந்துட்டேன்ல" என்று திரும்ப உட்கார்ந்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஆனாலும் மிஷின் சத்தத்துக்குப் பயந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அச்சு எடுத்து மதுரைக்கு அனுப்பி, இருபது நாளில் பல் வந்தது. கடிக்கையில் ஒரு பக்கம் தட்டியது, டாக்டர் தேய்த்துச் சரிசெய்து ஒட்டினார். அம்மா கண்ணாடியை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம் ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள், நாலு மாதப் பேச்சு, நான் இடையில் தூங்கியே போனேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியை எடுத்துப் பிரசவ மருந்துச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை ரயிலேற்றுகிறேன். மதராஸ் வரை நானும் வருவேன், அங்கிருந்து துணைக்கு ஆள் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, பாரம் தூக்காதே, ஈறு வீங்கினால் பொறுத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டு. தாயும் பிள்ளையும் வேறாகி இருவரும் தீர்க்காயுளோடு இருக்க வேண்டும். மறக்காமல் மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பு. முறுக்கு, பாக்கு எதுவும் அவளுக்குக் கடிக்கக் கொடுக்காதே. வந்து இறங்கியதும் பல்லைக் காட்டு என்று நீயாகக் கேட்காதே, உன்னைப் பார்த்தால் அவளே சிரிப்பாள்.

இப்படிக்கு
உன் அப்பா
கருத்தையா